பழைய விண்டோஸ் ஆசிலோஸ்கோப்பின் உள்கணினியை மேம்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல ஆசிலோஸ்கோப்புகளுக்குள் (மின் சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவிகள்) ஒரு பிசி மதர்போர்டு இருக்கிறது. அஜிலென்ட் இன்ஃபினியம் 54830, டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ்5000, லீகிராய் வேவ்ரன்னர் 6000 எல்லாம் இந்த இனம். சிக்னலைப் பிடிப்பது தனி அக்விசிஷன் போர்டு. திரை, கணக்கு, சேமிப்பு எல்லாம் விண்டோஸ் 98, 2000 அல்லது எக்ஸ்பி ஓடும் அந்தக் கணினியின் வேலை. அளக்கும் பகுதி நல்ல நிலையில் இருக்கும்போதே கணினிப் பகுதி தளர்ந்துவிடுகிறது. அதிலும் முதலில் போவது ஹார்ட் டிஸ்க்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வரிசையில்தான். டிஸ்க், ராம், மின்கலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, ஸ்கோப் எழவில்லை என்றதும் எது காரணம் என்று தெரியாமல் நிற்பார்கள். ஒரு முறை ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் முழுதாக பூட் ஆகி, ஸ்கோப் மென்பொருள் திறந்து, செல்ஃப் டெஸ்ட் தேறிய பிறகே அடுத்ததற்குப் போங்கள்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதும் முதலிலேயே தெளிவாக இருக்கட்டும். பூட் நேரம் குறையும், மெனுக்கள் தயங்காமல் திறக்கும், கோப்புகள் சட்டென்று சேமிக்கப்படும். பேண்ட்விட்த்தோ (அளக்கக்கூடிய அதிர்வெண் எல்லை) சாம்பிள் வேகமோ ரெக்கார்டு நீளமோ (ஒரே முறையில் பிடிக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை) அதிகரிக்காது. ரெக்கார்டு நீளம் அக்விசிஷன் போர்டின் சொந்த மெமரியைப் பொறுத்தது. பிசி ராமைக் கூட்டினால் அது நீளாது.

1. திருகைத் தொடுவதற்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

ஸ்கோப் இன்னும் பூட் ஆகிறது என்றால் அதுவே நல்ல வாய்ப்பு. பயாஸுக்குள் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளின் அமைப்புத் திரை) நுழைந்து ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். ஐஆர்க்யூ ஒதுக்கீடு (பாகங்கள் செயலியைக் கூப்பிடும் தடங்களின் பங்கீடு), ஆன்போர்டு வீடியோ அமைப்பு, பிழை வந்தால் நிற்கலாமா வேண்டாமா என்ற அமைப்பு ஆகியவற்றில் எதையும் விடாதீர்கள். உற்பத்தியாளர் இவற்றைத் தன் போர்டுக்கு ஏற்ப மாற்றியிருப்பார். இயல்பு அமைப்புக்குத் திரும்பினால் திரை கருப்பாகவோ, கீபோர்டு இல்லை என்ற பிழையோடு நின்றோ போகும்.

அடுத்து ஸ்கோப் மென்பொருளில் வரிசை எண், மென்பொருள் பதிப்பு, நிறுவப்பட்ட ஆப்ஷன்கள் உள்ள பக்கத்தைப் படம் எடுங்கள். ஆப்ஷன் உரிமங்கள் சில கருவிகளில் டிஸ்கில் கோப்பாக இருக்கும், சிலவற்றில் போர்டிலுள்ள சில்லில் இருக்கும். வேலை முடிந்ததும் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று ஒப்பிட இந்தப் படம்தான் ஆதாரம்.

டிவைஸ் மேனேஜரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த சிப்செட் (மதர்போர்டின் முக்கியக் கட்டுப்பாட்டுச் சில்லுகள்) என்பது ராம் வாங்கும்போதும், எந்த ஐடிஇ (பழைய டிஸ்க் இணைப்பு முறை) கன்ட்ரோலர் என்பது மதர்போர்டை மாற்ற நேர்ந்தாலும் தேவைப்படும்.

2. கையில் இருக்க வேண்டியவை

டார்க்ஸ் டி10, டி15, டி20 திருப்புளிகள். அஜிலென்ட், டெக்ட்ரானிக்ஸ் கருவிகளில் பெரும்பாலும் இவைதான். சாதாரண திருப்புளியை நுழைத்து முயன்றால் தலை மழுங்கிவிடும்.

மணிக்கட்டில் மாட்டும் ஈஎஸ்டி பட்டை (உடலின் நிலைமின்சாரத்தை வெளியேற்றுவது), மல்டிமீட்டர், யூஎஸ்பி-ஐடிஇ மாற்றி, லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் ஓடும் இன்னொரு கணினி.

சிஆர்2032 மின்கலம், 32 முதல் 120 ஜிபி வரை எஸ்எஸ்டி, ஐடிஇ-சாட்டா பிரிட்ஜ் (புதிய சாட்டா இணைப்புள்ள எஸ்எஸ்டியைப் பழைய ஐடிஇயோடு பேச வைக்கும் சிறு போர்டு), 80 கம்பி ஐடிஇ கேபிள். ஏன் இந்தக் கொள்ளளவு, ஏன் 80 கம்பி என்பது 6-ஆம் பகுதியில் வருகிறது.

3. திறக்கும்போது

மின் கம்பியைப் பிடுங்குங்கள். முன்பக்க பொத்தானை அணைத்தால் மட்டும் போதாது, ஸ்டாண்ட்பை 5 வோல்ட் போர்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பிடுங்கிய பின் பத்து நிமிடம் விடுங்கள். 230 வோல்ட் இணைப்பில் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர் 325 வோல்ட் வரை, பிஎஃப்சி (மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று) உள்ள சப்ளையில் 380 வோல்ட்டை ஒட்டி ஏறியிருக்கும். திரைக்கு ஒளி தரும் சிசிஎஃப்எல் இன்வெர்ட்டர் ஓடும்போது பல நூறு வோல்ட் தரும். இந்த வேலையில் இரண்டையும் திறக்கத் தேவையே இல்லை.

உள்ளீட்டு பிஎன்சிகளுக்கு (ப்ரோப் மாட்டும் கனெக்டர்கள்) பின்னால் உள்ள உலோக ஷீல்டையும் தொடாதீர்கள். அதற்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சில்லுகளுக்கு மாற்று கிடைப்பது மிகக் கடினம். கேபிள்களைக் கழற்றும் முன் ஒவ்வொரு கனெக்டரையும் படம் எடுங்கள். ரிப்பன் கேபிளில் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்பதும் படத்தில் தெரிய வேண்டும்.

4. இமேஜ்: இதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்

இந்த டிஸ்கில் விண்டோஸ் மட்டும் இல்லை. ஸ்கோப் மென்பொருள், அதன் பதிப்புக்கு ஏற்ற டிரைவர்கள், சில கருவிகளில் அளவுத்திருத்தக் கோப்புகளும் உரிமங்களும், பலவற்றில் மறைவான மீட்புப் பகுதியும் உண்டு. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் பூட் பிரிவும் மறைந்த பகுதியும் வராது. முதல் செக்டாரிலிருந்து (டிஸ்கின் சிறு சேமிப்புத் துண்டு) கடைசி வரை அப்படியே எடுத்த இமேஜ்தான் வேண்டும்.

டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி-ஐடிஇ மாற்றியில் பொருத்துங்கள். 3.5 அங்குல டிஸ்கானால் 40 பின்னும் தனி பவர் கனெக்டரும். பெரிய சிக்கல் இல்லை. 2.5 அங்குலத்தில் கவனம் தேவை. 44 பின்களின் வழியாகவே 5 வோல்ட்டும் போகிறது. அவற்றுக்குப் பக்கத்தில் சிறு இடைவெளி விட்டு 4 ஜம்பர் பின்கள் உண்டு. கனெக்டரை ஒரு வரிசை தள்ளிச் செருகினாலோ தலைகீழாகச் செருகினாலோ 5 வோல்ட் தவறான இடத்தில் போய் டிஸ்க் அங்கேயே முடிந்துவிடும். பின் 20 இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்; அதை அடையாளமாக வைத்துப் பொருத்துங்கள்.

இந்த டிஸ்கை விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் இணைக்காதீர்கள். பார்க்க மட்டும்தானே என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் கேட்காமலே தன் கோப்புறைகளை எழுதும், சில நேரம் டிஸ்க் சோதனையையும் தொடங்கிவிடும். சாகும் நிலையில் உள்ள டிஸ்குக்கு அந்தச் சோதனையே கடைசி அடியாக முடியலாம். லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில், பார்ட்டிஷனை மவுன்ட் செய்யாமல் (கோப்புகளைத் திறக்கும்படி இணைக்காமல்) வேலை செய்யுங்கள்.

நகலெடுக்க குனு டிடிரெஸ்க்யூ. லினக்ஸின் சாதாரண நகல் கட்டளையான டிடி ஒரு கெட்ட செக்டாரில் நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வரும். மேப் கோப்பைக் கட்டாயம் கொடுங்கள். எதை எடுத்தோம், எது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் பாதியில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விடச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் நேரடி வாசிப்போடு 3 மறுமுயற்சி போதும். நல்ல நிலையில் உள்ள 20 ஜிபி டிஸ்க் யூஎஸ்பி 2-இல் கால் மணி நேரத்தை ஒட்டி முடியும். டிஸ்க் ‘டக் டக்’ என்றால் நிறுத்தி, ஒரு விசிறிக் காற்றில் ஆறவிட்டுத் தொடருங்கள்.

முடிந்ததும் இமேஜைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்து ஸ்கோப் மென்பொருளின் கோப்புறை திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். பழைய டிஸ்கை அழிக்காமல், கருவியின் வரிசை எண்ணை ஒட்டி எடுத்து வையுங்கள்.

5. பயாஸ் மின்கலம்

சிஆர்2032 புதிதாக 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 2.8-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள். எஸ்எஸ்டிக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தளர்ந்த மின்கலத்தால் அமைப்புகள் அழிந்து ஸ்கோப் பூட் ஆகாமல் போனால், பழி புது எஸ்எஸ்டி மேல் விழும்.

மாற்றிய உடனே பயாஸுக்குப் போய், எடுத்த படங்களோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுத் திரும்ப அமையுங்கள். தேதியும் சரியாகட்டும். பழைய டிஸ்கையே திரும்பப் பொருத்தி, ஸ்கோப் வழக்கம்போல் எழுகிறதா பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இது பிசி மதர்போர்டின் மின்கலத்துக்கு மட்டும். உள்ளே விண்டோஸ் இல்லாத பழைய டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ்500, டிடிஎஸ்700 வரிசைகளில் அளவுத்திருத்த மாறிலிகள் மின்கலம் உள்ளேயே பொதிந்த டாலஸ் என்விரேம் (மின்சாரம் நின்றாலும் மறக்காத மெமரி) சில்லில் இருக்கின்றன. அதைப் படித்து வைக்காமல் கழற்றினால் கருவி அளவுத்திருத்தத்தையே இழந்துவிடும். அது வேறு வேலை, இந்த வழிகாட்டியில் சேராது.

6. எஸ்எஸ்டியும் பிரிட்ஜும் தேர்ந்தெடுத்தல்

கொள்ளளவு ஏன் 120 ஜிபிக்குள்? பழைய ஐடிஇ முகவரி முறை 28 பிட். அது 137 ஜிபியோடு நின்றுவிடும். எக்ஸ்பி முதல் சர்வீஸ் பேக்குக்கு முன்னும், விண்டோஸ் 2000 மூன்றாம் சர்வீஸ் பேக்குக்கு முன்னும் அதைத் தாண்டாது. தாண்டும் டிஸ்கைப் போட்டால் முதலில் எல்லாம் சரியாக ஓடும். எல்லையைத் தாண்டி எழுதும் நாளில் டிஸ்கின் தொடக்கப் பகுதி மேலெழுதப்பட்டு அழியும். சில பயாஸ்கள் 32 ஜிபியை ஒட்டியே தொங்கிவிடும். அந்த நிலையில் அதைவிடச் சிறிய எஸ்எஸ்டிதான் வழி.

ஐடிஇ-சாட்டா பிரிட்ஜ்களில் ஜேமைக்ரான் ஜேஎம்20330, மார்வெல் 88எஸ்ஏ8040 சில்லுகள் பரவலாகக் கிடைக்கின்றன. இவை சாட்டா 1.5 கிகாபிட் வேகத்தில் பேசும். சில புதிய எஸ்எஸ்டிகள் அந்த வேகத்துக்கு இறங்கி வர மறுத்து, பயாஸில் தெரியவே தெரியாது. அப்போது பிரிட்ஜைக் குறை சொல்லாமல் முதலில் வேறு எஸ்எஸ்டியைப் போட்டுப் பாருங்கள். 44 பின் கருவிகளுக்கு எம்சாட்டா (சாட்டாவின் சிறு கார்டு வடிவம்) எஸ்எஸ்டியை வைக்கும் 2.5 அங்குலக் கூடு கிடைக்கிறது. பழைய டிஸ்கின் இடத்திலேயே திருகுத் துளைகளோடு பொருந்துவதால் அதுதான் நேர்த்தியான வழி.

பிரிட்ஜிலுள்ள ஜம்பரை மாஸ்டரில் (கேபிளின் முதல் டிஸ்க்) வையுங்கள். கேபிளே வரிசையைத் தீர்மானிக்கும் கேபிள் செலக்டில் வைத்தால் சில போர்டுகளில் சிடி டிரைவோடு மோதும்.

இப்போது கேபிள். 40 கம்பி கேபிளில் பாதுகாப்பான வேகம் யூடிஎம்ஏ (அல்ட்ரா டிஎம்ஏ) 2, அதாவது நொடிக்கு 33 எம்பி. அதற்கு மேல் போக 80 கம்பி வேண்டும். பின் எண்ணிக்கை அதே 40-தான், கூடுதல் 40 கம்பிகள் கிரவுண்டு. சில பிரிட்ஜ்கள் கேபிள் வகையைத் தவறாகச் சொல்ல, 40 கம்பியில் 100 எம்பி வேகத்துக்கு முயன்று பிழை மேல் பிழை வரும். அதன் விளைவு 8-ஆம் பகுதியில்.

காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டையும் பலர் பரிந்துரைப்பார்கள். மின் அளவில் அது ஐடிஇதான், எளிய மாற்றி போதும். ஆனால் சாதாரண கார்டை எக்ஸ்பி கழற்றக்கூடிய டிஸ்க் என்று பார்க்கும். அதில் பேஜ் கோப்பு (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் கோப்பு) வைப்பதில் சிக்கல் வரும். நிலையான டிஸ்காகக் காட்டும் தொழிற்துறை கார்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை, விலைதான் கூடுதல். விண்டோஸ் 98 ஸ்கோப்புக்கு கார்டு போதும். எக்ஸ்பிக்கு எஸ்எஸ்டிதான் சரி.

7. இமேஜை எழுதுதல்: கை நீட்டக் கூடாத இரண்டு இடங்கள்

இமேஜை அதே லினக்ஸில் எஸ்எஸ்டியின் முதல் செக்டாரிலிருந்து எழுதுங்கள். எந்த டிஸ்கில் எழுதுகிறோம் என்பதை அளவையும் மாடல் பெயரையும் பார்த்து உறுதி செய்த பிறகு எழுதுங்கள். கிளோன் வேலையில் பெரும் சேதம் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

முதலாவது, பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்தாதீர்கள். எக்ஸ்பி காலத்துப் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டாரில் தொடங்கும். எஸ்எஸ்டிக்கு 2048-இல் தொடங்குவது நல்லது என்று எங்கும் படிக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் எக்ஸ்பி டிரைவ் எழுத்தை டிஸ்க் அடையாள எண், பார்ட்டிஷன் தொடங்கும் இடம் ஆகிய இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. நகர்த்தினால் சி டிரைவ் வேறு எழுத்தாகி, லாகின் திரையில் அப்படியே நிற்கும். ஐடிஇ வேகமே தடையாக இருக்கும் கருவியில் அந்தச் சீரமைப்பால் கிடைக்கும் லாபம் கண்ணுக்குத் தெரியாது. விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, அந்த டிஸ்க் அடையாள எண். முதல் செக்டாரில் 440-ஆம் பைட்டிலிருந்து 4 பைட். பழைய டிஸ்கையும் புது எஸ்எஸ்டியையும் சேர்த்து ஒரு விண்டோஸ் கணினியில் செருகினால், ஒரே எண் இரண்டு டிஸ்கில் இருப்பதைப் பார்த்து ஒன்றின் எண்ணை அது மாற்றிவிடக்கூடும். விளைவு அதே லாகின் தொங்கல்தான். அப்படி நடந்துவிட்டால் இமேஜிலிருந்து அந்த 4 பைட்டை மட்டும் திரும்ப எழுதினால் சரியாகும்.

எஸ்எஸ்டியில் மீதமுள்ள இடத்தைக் காலியாகவே விடுங்கள். எக்ஸ்பிக்கு டிரிம் (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) தெரியாது. ஒருபோதும் எழுதப்படாத காலி இடத்தை எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் தன் தேய்மானக் கணக்குக்குப் பயன்படுத்திக்கொள்ளும்.

8. முதல் பூட்

பயாஸில் டிஸ்க் வகை ஆட்டோ, முறை எல்பிஏ (செக்டார்களை வரிசை எண்ணால் அழைப்பது). வேறு முறையில் இருந்தால் பயாஸ் டிஸ்கின் தலை எண்ணிக்கையை வேறாகக் கணக்கிட்டு, இயங்குதளத்தை ஏற்ற முடியவில்லை என்று கருப்புத் திரையில் நிற்கும். இமேஜ் கெட்டுவிட்டது என்று அவசரப்பட்டு மறுபடி எழுதாதீர்கள்.

எக்ஸ்பி எழுந்ததும் புது டிஸ்க் கிடைத்தது, ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் முதன்மை ஐடிஇ சேனலின் டிரான்ஸ்ஃபர் முறையைப் பாருங்கள். அல்ட்ரா டிஎம்ஏ என்று இருக்க வேண்டும்.

பிஐஓ (தரவைச் செயலியே நகர்த்தும் பழைய மெதுவான முறை) என்று இருந்தால், எஸ்எஸ்டி போட்டும் ஸ்கோப் முன்னைவிட மந்தமாக இருக்கும். மொத்தம் ஆறு பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி அந்த சேனலின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கி, பிழைகள் நீடித்தால் கடைசியில் பிஐஓவுக்கு இறக்கிவிட்டு, தானாகத் திரும்ப ஏற்றாது. கேபிளை மாற்றியபின், டிவைஸ் மேனேஜரில் அந்த சேனலை நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேபிளை மாற்றாமல் சேனலை மட்டும் நீக்கினால் சில நாளில் பழையபடி ஆகும்.

தானாக ஓடும் டீஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது) வேலையை நிறுத்துங்கள். பேஜ் கோப்பை நிறுத்தாதீர்கள். அளவை மட்டும் நிலையாக வையுங்கள். சில ஸ்கோப் மென்பொருள்கள் அது இல்லாமல் திறக்காது.

9. ராம்

128 அல்லது 256 எம்பியோடு வந்த எக்ஸ்பி ஸ்கோப்பில் 512 எம்பி ஆக்குவது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். அதற்கு மேல் பெரும்பாலும் வீண்.

வாங்கும் முன் சிப்செட்டின் எல்லையைப் பாருங்கள். இன்டெல் 815 சிப்செட் 512 எம்பியோடு நிற்கும். 440பிஎக்ஸ் 1 ஜிபி வரை போகும், ஆனால் அடர்த்தி கூடிய சில்லுகள் உள்ள 256 எம்பி மாட்யூலில் பாதியைத்தான் காணும். இரு பக்கமும் சேர்த்து 16 சில்லு உள்ள மாட்யூலாகத் தேடுங்கள்.

விண்டோஸ் 98 ஸ்கோப்பானால் 512 எம்பியைத் தாண்டாதீர்கள். தாண்டினால் அதன் டிஸ்க் கேஷ் முகவரி இடத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, மெமரி போதவில்லை என்றே பிழை காட்டும்! மெமரியைக் கூட்டியதால் மெமரி இல்லை என்ற பிழை. புதியவர்களைக் குழப்புவதில் இதற்கு இணை இல்லை.

மெம்டெஸ்ட்86+ இரண்டு முழுச் சுற்று ஓடட்டும். இந்தக் காலத்து பயாஸ்கள் பல யூஎஸ்பியிலிருந்து பூட் ஆகாது. சிடி அல்லது ஃபிளாப்பி தேவைப்படும். சோதனையை மூடியைப் பொருத்திய நிலையில் ஓட்டுங்கள். திறந்த நிலையில் தேறும் மாட்யூல் உள்ளே சூடேறியதும் தவறலாம்.

10. கண்டன்சர், விசிறி

அந்த ஆண்டுகளின் மதர்போர்டுகளில் தரமற்ற எலெக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் பரவலாக இருந்தன. செயலியைச் சுற்றியுள்ள 6.3 வோல்ட், 1000 முதல் 3300 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களின் தலை உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டும். ஸ்கோப் காலையில் முதல் முறை எழாமல், இரண்டாம் மூன்றாம் முறை எழுவது இதற்கு அடையாளம்.

குறைந்த ஈஎஸ்ஆர் (கண்டன்சரின் உள் மின்தடை) வகையாக, அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடிய வோல்ட், அதே விட்டத்தில் வாங்குங்கள். பல அடுக்கு போர்டில் கிரவுண்டு கால் சூட்டை இழுத்துக்கொள்ளும்; 25 வாட் இரும்பால் முயன்றால் தடம் பெயர்ந்து வரும். 80 வாட் இரும்போடு கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்த்து இளக்கி எடுங்கள்.

விசிறி சத்தம் போட்டால் அதே அளவு, அதே காற்றோட்டம் உள்ளதாக மாற்றுங்கள். அமைதியான விசிறி என்று காற்றைக் குறைத்துவிடாதீர்கள். அக்விசிஷன் போர்டின் சூடுதான் பெரும்பகுதி, அதைக் கணக்கிட்டே அந்த விசிறி வைக்கப்பட்டிருக்கிறது.

11. செயலி

பெரும்பாலோர் இதைத் தவிர்க்கலாம். சாக்கெட் 478 போர்டில் 2 கிகாஹெர்ட்ஸ் செலரான் 52.8 வாட் சூடு தரும், 2.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 ஏறக்குறைய 68 வாட். அந்தக் கூடுதல் 15 வாட்டைப் பவர் சப்ளையும் விசிறியும் தாங்க வேண்டும், அளக்கும் போர்டும் அந்தச் சூட்டில் உட்கார வேண்டும். சாக்கெட் 370-இல் காப்பர்மைன் (பென்டியம் 3-இன் ஒரு தலைமுறை) போர்டில் அதற்கு அடுத்த தலைமுறையான டுவாலட்டின் செயலி நேரடியாக ஓடாது. பின் அமைப்பும் வோல்டேஜும் வேறு.

12. மதர்போர்டு: செத்தால் மட்டும்

ஓடும் மதர்போர்டை வேகத்துக்காக மாற்றாதீர்கள். செத்துவிட்டால் முதல் தேர்வு அதே மாடலின் பழைய போர்டு. கிடைக்கவில்லை என்றால் நான்கைச் சரிபார்க்க வேண்டும்: அக்விசிஷன் கார்டுக்கான பிசிஐ ஸ்லாட் (கூடுதல் கார்டு செருகும் இடம்) அதே இடத்தில், வோல்ட்டைக் குறிக்கும் அதே வெட்டோடு இருக்கிறதா, உள் திரைக்கு வீடியோ எங்கிருந்து போகிறது, பவர் கனெக்டரின் ஒவ்வொரு பின்னும் ஒத்துப்போகிறதா (மல்டிமீட்டரால் அளந்த பிறகே செருகுங்கள்), திருகுத் துளைகள் பொருந்துகின்றனவா. பிசிஐ எக்ஸ்பிரஸிலிருந்து பிரிட்ஜ் வழியே பிசிஐ தரும் புதிய போர்டுகளில் அக்விசிஷன் கார்டு அடையாளம் தெரிந்தும் டிரைவர் தடுமாறலாம்.

வேறு சிப்செட்டுக்குப் போகும் முன், பழைய போர்டு ஓடும்போதே ஐடிஇ கன்ட்ரோலரின் டிரைவரை விண்டோஸோடு வரும் பொதுவான டூயல் சேனல் பிசிஐ ஐடிஇ டிரைவராக மாற்றி அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் புது போர்டில் 7பி எண்ணோடு நீலத் திரை வரும். பூட் டிஸ்கைப் பேச வைக்கும் டிரைவர் இல்லை என்று பொருள். சாட்டா உள்ள போர்டானால் பயாஸில் ஏஹெச்சிஐ (சாட்டாவின் புதிய இயக்க முறை) வேண்டாம், ஐடிஇ முறை. எக்ஸ்பி ஆக்டிவேஷன் கேட்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

13. மூடிய பிறகு

எல்லாத் திருகும் ஷீல்டும் பொருத்தி, மூடி போட்டு, 30 நிமிடம் ஓடவிடுங்கள். அதற்குப் பிறகே உள்ளமை கேலிப்ரேஷனை ஓட்டுங்கள். டெக்ட்ரானிக்ஸில் அதன் பெயர் சிக்னல் பாத் காம்பன்சேஷன். ப்ரோப்கள் கழற்றியிருக்க வேண்டும். டிஸ்கும் விசிறியும் மாறியதால் உள்ளே சூட்டு நிலை மாறியிருக்கும், ஆஃப்செட் (பூஜ்ஜியக் கோட்டின் விலகல்) அதற்கேற்ப நகர்ந்திருக்கும். மூடி திறந்த நிலையில் ஓட்டினால் தவறான சூட்டுக்குச் சரிசெய்ததாக ஆகிவிடும். இது ஆய்வகம் தரும் அளவுத்திருத்தச் சான்றுக்கு மாற்றல்ல.

1-ஆம் பகுதியில் எடுத்த ஆப்ஷன் பக்கத்தோடு இப்போது ஒப்பிடுங்கள்.

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றுவிட்டது. ஸ்கோப்பை இணையத்தோடு இணைக்காதீர்கள். கோப்பு எடுக்க வேண்டுமானால் தனி சுவிட்ச் ஒன்றில் ஒரு கணினியோடு மட்டும். யூஎஸ்பி குச்சி பயன்படுத்தினால் ஆட்டோரன்னை (செருகியதும் நிரல் தானாக ஓடுவதை) முடக்கி, அந்தக் குச்சியை ஸ்கோப்புக்கென்றே ஒதுக்குங்கள்.

எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு எஸ்எஸ்டியிலிருந்து இன்னொரு இமேஜ் எடுத்துப் பழைய இமேஜோடு சேமியுங்கள். மாற்றிய பாகங்கள், தேதி, பயாஸ் அமைப்புகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். காற்றுத் துளைகளை மறைக்காத இடமாகப் பார்த்து.